ஒருத்தர் வுடாம

என் மாமனார் வாயைத் திறந்தால் மூன்றாவது வாக்கியத்துக்குள் 'ஒருத்தர் வுடாம' வந்துவிடும். ஏரி மதகு அடைத்துக்கொண்டால், "ஒருத்தர் வுடாம மம்முட்டி எடுத்துக்கினு வந்துடணும்." ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றினால், "ஒருத்தர் வுடாம குடிச்சுட்டுத்தான் போவணும்." எதிர் வீட்டில் சாவு விழுந்தபோதுகூடப் பாடைக்குப் பக்கத்தில் நின்று, "ஒருத்தர் வுடாம அழுதாச்சா?" என்று கேட்டாராம். நான் அதைக் காதால் கேட்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

எங்கள் கல்யாணப் பந்தியிலும் அவர்தான் எண்ணிக்கை. கடைசி இலையை எடுத்ததும் பந்தலின் நடுவில் நின்றுகொண்டு, மைக் இல்லாமலே ஏரிக்கரைவரை கேட்கிற குரலில், "ஒருத்தர் வுடாம சாப்ட்டாங்க, அடுப்ப அணைச்சுடலாம்" என்று அறிவித்தார். நானும் என் கணவரும் அதுவரை சாப்பிடவில்லை. கல்யாணமே எங்களுக்குத்தான். சமையல்காரர் தவலையைக் கவிழ்த்துத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். பரிமாறிய பெண்கள் ஏழெட்டுப் பேரும் கரண்டியும் கையுமாக நின்றார்கள். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஆளுக்கு நாலு வாழைப்பழம் தின்று தண்ணீர் குடித்தோம்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். ஊரில் யார் கூப்பிட்டாலும் போவார். கூப்பிடாவிட்டாலும் போவார். ஆறடி உயரம், தோளில் துண்டு, கையில் மூன்று கட்டை டார்ச் லைட். பட்டப்பகலிலும் அந்த டார்ச் இருக்கும். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர், உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, ஏரிக்கரை மேலேயே நடந்தால் வரும். நான் வாழ வந்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர் ஜீப்பில் வந்தார். எமர்ஜென்சி முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. டாக்டர், ஜீப், பேர் கொடுங்கள் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஆண்கள் கரும்புக்குள் போய் ஒளிந்துகொள்கிற காலம். இது அந்தக் கருத்தடை ஆபரேஷன் சமாச்சாரம் இல்லை என்று புரியவைக்கவே அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

அவர் சொன்னது இதுதான். ஒவ்வொரு குடும்பமும் அறுவடை முடிந்ததும் கொஞ்சம் நெல் கொடுக்க வேண்டும். எல்லார் நெல்லையும் ஒன்றாகச் சேர்த்து ஊரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நர்சு ஊரிலேயே இருப்பாள், டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். நெல் கொடுத்த குடும்பத்துக்கு ஓர் அட்டை. அட்டையில் பேர் இருப்பவர்களுக்கு மருந்து, ஆபத்து என்றால் காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப், அங்கே ஆகிற செலவு எல்லாம் இந்தப் பொது நெல்லிலிருந்து. இந்த வருஷம் நோய் வராதவன் கொடுத்தது வந்தவனுக்குப் போகும், அடுத்த வருஷம் இவனுக்குத் திரும்பி வரும். முக்கால்வாசி வீடு சேர்ந்தால்தான் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்றார்.

"முக்கால்வாசி இன்னாத்துக்கு சார்?" என்று எழுந்தார் என் மாமனார். "ஒருத்தர் வுடாம சேர்த்துக் காட்றன்."

கமிட்டிக்கு ஒரு தலைவர் வேண்டும், கை தூக்கித் தேர்ந்தெடுங்கள் என்றார் டாக்டர். என் மாமனார் சிரித்தார். "ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே கொடத்துல ஓல போட்டு ஆள் எடுத்தவங்க சார் நாங்க. உத்திரமேரூர் கோயில் செவுத்துல எழுதியே கீது. மறுபடியும் எதுக்குத் தேர்தல்? நானே இருந்துக்கறன்." அப்படித்தான் அவர் தலைவர் ஆனார்.

வீடு வீடாகப் போனார். எனக்கு ஜலதோஷம்கூட வந்ததில்லை, நான் எதற்கு நெல் கொடுக்க வேண்டும் என்று கேட்டான் ஒருவன். "உன்ன மாதிரி ஆளு தான்டா வேணும். நோவு வர்றவனையே சேர்த்தா நெல்லு எப்டி மிஞ்சும்?" என்றார். இன்ஷூரன்ஸ் என்பதே அதுதான் என்று வெகு காலம் கழித்து ஒரு படித்தவர் எனக்கு விளக்கினார். என் மாமனாருக்கு அது எப்படியோ தெரிந்திருக்கிறது. ஒரு கிழவர், அச்சாரம் கொடுத்து நோயைக் கூப்பிடச் சொல்கிறாயா என்று சண்டைக்கு வந்தார். அவரிடம் என் மாமனார் ஒன்றும் பேசவில்லை. ஏரி மதகு என் மாமனார் பொறுப்பு; கிழவர் வயலுக்குத் தண்ணீர் முறை இரண்டு நாள் வராமல் போயிற்று. மூன்றாம் நாள் கிழவர் தானாகவே வந்து பேர் கொடுத்தார்.

பெரிய சிக்கல் வேறிடத்தில் வந்தது. குடும்பம் என்றால் எது? நெல் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அதனால் அதுவரை அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் இருந்த வீடுகளெல்லாம் திடீரென்று ஒற்றுமையாகி, நாங்கள் ஒரே குடும்பம் என்றன. டாக்டர் அதைக் கமிட்டியே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். கமிட்டி என்றால் என் மாமனார்.

"ஒரே அடுப்புல பொங்கித் தின்னா ஒரு வூடு. அடுப்பு ரெண்டுன்னா வூடு ரெண்டு" என்றார். நல்ல சட்டம். ஊரில் யாராலும் மறுக்க முடியவில்லை. டார்ச் அதற்குத்தான். எங்கள் பக்கத்துச் சமையலறைகள் பகலிலும் இருட்டு. அவர் குனிந்து உள்ளே போய், மூலை மூலையாக வெளிச்சம் அடித்து அடுப்பை எண்ணுவார். பெண்கள் அவருக்கு 'அடுப்பெண்ணி' என்று பேர் வைத்தார்கள். ஒரு வீட்டில் இரண்டாவது அடுப்பின் மேல் முறத்தைப் போட்டு, அதன்மேல் அடைகோழியை உட்காரவைத்திருந்தாள் ஒருத்தி. இவர் கோழியையும் முறத்தையும் தூக்கிவிட்டுச் சாம்பலில் கை வைத்தார்.

"சூடா கீதே?"

"கோழி சூடு, மாமா."

"கோழி வெறகு வெச்சா அடைகாக்குது?" என்று பாதி எரிந்த சவுக்குக் கட்டையை எடுத்துக் காட்டினார். அந்த வீடு இரண்டு வீடாயிற்று.

ஏரிக்கரைக் கோடியில் இருளர் குடிசைகள் இருந்தன. களையெடுப்பு, அறுவடை எல்லாவற்றுக்கும் எங்கள் வயலுக்கு வருகிறவர்கள். அவர்கள் குடிசைக்கு வெளியே மூன்று கல் வைத்துச் சமைப்பார்கள். என் மாமனார் கரை மேல் நின்று டார்ச்சை ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, "கல்லு இன்னைக்கு இங்க கீது, நாளைக்கு அங்க போயிடும். அதெல்லாம் அடுப்புல சேராது" என்று திரும்பிவிட்டார். அதற்கப்புறம் எண்ணிப் பார்த்தால் ஊரில் ஒரு அடுப்பு பாக்கியில்லை. எல்லா வீடும் சேர்ந்தாயிற்று. டாக்டர் அசந்துபோனார். இப்படி ஓர் ஊரைத் தான் பார்த்ததே இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். ஜில்லா அதிகாரி ஒருவர் நேரில் வந்து ஊருக்குச் சுவர்க்கடிகாரம் பரிசு கொடுப்பதாக ஏற்பாடாயிற்று.

அட்டைகளை எழுதியது நான். பத்தாவது படித்திருந்தேன், கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். நூற்றுச் சொச்சம் அட்டை. எந்த வீட்டில் யார் யார், என்ன வயது, யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் வாழவந்த சில மாதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு அட்டையைக் கடைசியில் எடுத்தோம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதலில் அவர். அடுத்தது அவருடைய அம்மா.

"ஆயா செத்து மூணு வருசம் ஆவுதே மாமா?"

"ரேஷன் கார்டுலயே இன்னும் எடுக்கல. இதுல மட்டும் எடுத்தா நல்லா இருக்குமா? எழுது."

எழுதினேன். பிறகு அத்தை. பிறகு என் கணவர். பிறகு ஆவடியில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒரு முறை துணி துவைக்க மட்டும் ஊருக்கு வருகிற என் கொழுந்தன். பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"அவ்ளோ தான். மூடு" என்றார்.

எனக்கு அப்போது நாலு மாதம். நானாகக் கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "தலப்பிரசவம் தாய் வூட்டுதும்மா. அதுக்கு ஆவற செலவு, பண்ற மருந்து எல்லாம் அவங்க மரியாதை. அத நாம எடுத்துக்கினா சம்பந்தி இன்னா நெனப்பாரு? ஒரு கொழந்த பொறக்கட்டும், அப்புறம் எழுதிக்கலாம்."

நியாயம்தான் போலிருக்கிறது என்று, அவர் வீட்டு அட்டையில் என் பேரை எழுதச் சொல்லி அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். நான் பிறந்த ஊர் மாகறல் பக்கம். அங்கேயும் இதே டாக்டரின் ஆஸ்பத்திரி வந்திருந்தது. அப்பா பதறிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். "கட்டிக் குடுத்த பொண்ணு பேர எங்க வூட்டு அட்டையில எழுதினா, வாழாம திரும்பி வந்துட்டான்னு ஊரு பேசாது? ஒனக்குக் கீழ இன்னும் ரெண்டு பொண்ணு கீதும்மா" என்றார். என் மாமனாரும் அவரும் ஒருவர் மரியாதையை மற்றவர் காப்பாற்றியபடி மோர் குடித்தார்கள். இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

என் கணவர் நல்லவர். அதாவது ஒன்றும் சொல்லமாட்டார். "நைனா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

எனக்குப் பெரியம்மா மகள் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு வலி எடுத்தபோது பிறந்த வீட்டில் பார்ப்பதா புகுந்த வீட்டில் பார்ப்பதா என்று வண்டி இரண்டு ஊருக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. அவள் வண்டியிலேயே இறந்தாள். குழந்தையும் போயிற்று. யார் மேலும் தப்பில்லை என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அவள் ஞாபகம் எனக்கு அடிக்கடி வரத் தொடங்கியது.

ஏழாம் மாதம் கால் வீங்கியது. நர்சம்மா பெருவிரலால் என் கணுக்காலில் அழுத்தினாள். குழி விழுந்தது, எழும்ப நேரமாயிற்று. கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தவள், இன்னொரு தரம் கட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அட்டையை எடு" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். மேலிருந்து கீழே படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"இது யார் எழுத்து?"

"என்னுதுதான்."

"ஊர்ல இருக்கிற பச்சைப் பிள்ளை பேரெல்லாம் எழுதின கை, உன் பேரை எழுத மட்டும் வலிச்சுதா?" என்று கத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். இது ரத்தக் கொதிப்பு. வாரா வாரம் டாக்டர் பார்க்க வேண்டும். கண் மங்கினாலோ தலை இடித்தாலோ அந்த நிமிஷமே காஞ்சிபுரம் போக வேண்டும். மருந்து நான் எப்படியாவது கொடுப்பேன், ஜீப் அட்டையில் பேர் இருந்தால்தான் வரும், கமிட்டி போட்ட சட்டம், உன் மாமனார் கையெழுத்துப் போட்டது.

வீட்டில் சொன்னேன். மாமனார் கவலைப்பட்டார். உண்மையாகவே கவலைப்பட்டார். "ஒடனே ஒங்க அப்பாவுக்கு ஒரு கார்டு போடு. சீக்கிரமா வந்து கூட்டிக்கினு போவட்டும்" என்றார்.

அட்டையில் மூன்று வரி காலியாக இருந்தது. நானே எழுதியிருக்கலாம். பத்து நொடி ஆகாது. ஆனால் எழுதினால் திருட்டு, தெரிந்தால் என் கையெழுத்தில் இருக்கிற ஊர் அட்டை அத்தனையும் சந்தேகத்துக்கு வரும். தவிர, எனக்கு அதற்குள் கோபம் வந்திருந்தது. திருடி எடுத்துக்கொள்ள அது என்ன பலகாரமா?

அதிகாரி வருவதற்கு மூன்று நாள் இருந்தது. வாசல் தெளித்து முடித்ததும் தோட்டத்துக் கிணற்றடியில் மூன்று கல்லை வைத்தேன். குனிய முடியவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து நகர்த்தினேன். சின்ன அலுமினியக் குண்டானில் தண்ணீர் ஊற்றி நொய் அரிசி போட்டுச் சுள்ளியைப் பற்றவைத்தேன். பயமாகத்தான் இருந்தது.

"இன்னாடி பண்ற?" என்று வந்தாள் அத்தை.

"ஒலை வெக்கிறன் அத்தை."

"யாருக்கு?"

"எனக்கு."

அவ்வளவுதான். அத்தை வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "ஐயோ, வந்து வருசம் ஆவலியே, தனி அடுப்பு வெச்சுட்டாளே! எம் புள்ளயப் பிரிச்சுட்டாளே!" தெருவே தோட்டத்துக்கு வந்துவிட்டது. களையெடுக்க வந்த இருளர் பெண்கள் வேலி ஓரம் நின்றார்கள். நர்சம்மா பல் துலக்கியபடியே வந்தாள். மாமனார் டார்ச்சோடு வந்தார். வெளிச்சம் நன்றாக இருந்தும் பழக்க தோஷத்தில் என் அடுப்பின் மேல் டார்ச் அடித்தார்.

"இன்னாம்மா இது?"

"அடுப்பு, மாமா."

"அது தெரியுது. இன்னாத்துக்கு?"

"தனி அடுப்புன்னா தனி வூடுன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் எங்க அப்பா வூட்டு அட்டையிலயும் இல்ல, இந்த வூட்டு அட்டையிலயும் இல்ல. அதான் தனியா ஒரு வூடு ஆயிட்டன். இந்த வூடு இன்னும் நெல்லுக் கணக்குல சேரல."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் குரல் உயர்ந்தது. "மூணு கல்ல வெச்சா அடுப்பா? கல்லு அடுப்புல சேராதுன்னு கமிட்டியில முடிவு பண்ணிக்கீது!"

"சேராதுன்னா அத்தை எதுக்கு மாமா இந்தக் கத்து கத்தறாங்க?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நர்சம்மா வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, "தலைவரே, வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து எல்லா வீடும் சேர்ந்தாச்சான்னு என்னைத்தான் கேப்பார். கண்ணால பாத்ததைத்தான் நான் சொல்ல முடியும்" என்றாள்.

உலை கொதித்துப் பொங்க ஆரம்பித்தது. என் மாமனாரின் கால் ஒரு தரம் முன்னால் வந்தது, நான் பார்த்தேன். பிள்ளைத்தாச்சி வைத்த உலையை உதைத்தான் என்ற பேர் ஊரில் ஏழு தலைமுறைக்கு நிற்கும். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். உதட்டை அசைத்து எதையோ கூட்டிக் கழித்தார். கடைசியில், "அட்டைய எடுத்துக்கினு வா" என்றார்.

எல்லோர் முன்னாலும் எழுதினேன். "ஆயா பேர அடிச்சுடட்டா மாமா?" என்று கேட்டேன். "அடிக்காத, இருக்கட்டும்" என்றார். செத்தவளுக்கு நாலு வரி கீழே எனக்கு இடம் கிடைத்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கம்.

"இப்ப நெருப்ப அணை" என்று அவர் திரும்பினார். அப்போது வேலி ஓரத்திலிருந்து கன்னியம்மா கேட்டாள். களையெடுக்கும் பெண்களுக்கு அவள்தான் முன்னேர்.

"ஐயா, அந்தம்மா வெச்ச கல்லு ஒரு வூடுன்னா, எங்க கல்லும் வூடுதானுங்களே? கரையில பதினோரு அடுப்பு எரிஞ்சிக்கினு கீதுங்க."

கல் வைத்தபோது நான் இதை யோசிக்கவில்லை. என் காலையும் என் வயிற்றையும் தவிர வேறெதுவும் என் நினைப்பில் இல்லை. அத்தனை அட்டை எழுதினேனே, இவர்கள் பேர் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. ஆளை விட்டுவிட்டு எண்ணுவதில் நானும் அந்த வீட்டு மருமகள்தான்.

"அதெல்லாம் அதிகாரி வந்து போவட்டும், பாக்கலாம்" என்றார் மாமனார்.

"பதினோரு வீடு பாக்கின்னு சொல்லிடட்டுமா?" என்றாள் நர்சம்மா.

மறுநாளே பதினோரு அட்டை எழுதினேன். அவர்கள் வயலில் எலி வளை வெட்டி எடுத்த நெல்லைக் கொண்டுவந்து அளந்தார்கள். என் மாமனார் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "இது என் வயல் நெல்லு! என் நெல்லையே எனக்கு அளக்கறீங்களா?" என்றார். "எலி தின்னப்ப நீங்க ஒண்ணும் கேக்கலியேங்க" என்றாள் கன்னியம்மா. அவர் நெல்லைக் குவியலில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

அதிகாரி வந்தார். என் மாமனார் முக்கால் மணி நேரம் பேசினார். ஒருத்தர் வுடாம என்று பதினேழு தரம் சொன்னார், நான் எண்ணினேன். ஊருக்குக் கொடுத்த கடிகாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டது. ஆஸ்பத்திரியில் மாட்டினால் தூசு படியுமாம்.

எட்டரை மாதத்தில் ஒரு நாள் காலை, எனக்கு அந்தக் கடிகாரத்தின் முள் இரண்டிரண்டாகத் தெரிந்தது. தலை பிளந்தது. ஜீப் வந்தது. மாமனார் முன் சீட்டில் ஏறிக்கொண்டு, வழியெல்லாம் எதிரில் வந்தவர்களிடம் கை காட்டி, "அட்டை கீது, அட்டை கீது" என்று சொல்லிக்கொண்டே வந்ததாக என் கணவர் சொன்னார். எனக்கு நினைவில்லை. மூன்று நாள் கழித்துக் கண் தெளிவாகத் தெரிந்தபோது பக்கத்தில் ஒரு பெண் குழந்தை இருந்தது. இரண்டு பேரும் பிழைத்தோம். தலைப்பிரசவம் தன் வீட்டில் நடக்கவில்லையே என்று அப்பா குறைப்பட்டார். "நான் முன்யோசனையா மருமவ பேர எழுதி வெச்சன். இல்லாட்டி இன்னா ஆயிருக்கும்?" என்றார் மாமனார். அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த மாதம் ஏரிக்கரைக் குடிசைப் பையன் ஒருவனைப் பாம்பு கடித்து ஜீப்பில் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார்கள். அதுவும் அவருடைய முன்யோசனைதான். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். பொய்யாகக் கலங்காது, அதுதான் எரிச்சல்.

பேத்தி என்றால் அவருக்கு உயிர். மல்லிகா என்று பேர் வைத்தது அவர்தான். மடியை விட்டு இறக்கமாட்டார். அடுத்த அறுவடை முடிந்து அட்டை புதுப்பிக்கிற சமயத்திலும் அவள் அவர் மடியில்தான் இருந்தாள், மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. முதல் வருஷ அட்டைகளில் செத்தவர்களும் ஊரை விட்டே போனவர்களும் நிறைய இருந்ததால், இந்தத் தரம் பேர்களை ஊர் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஆயா பேர எடுத்துடு" என்றார் மாமனார். "நான், ஒங்க அத்தை, பெரியவன், சின்னவன், நீ. அவ்ளோ தான்."

"கொழந்த?"

"பொட்டப் புள்ளம்மா. நாளைக்கு இன்னொருத்தன் வூட்டுக்குப் போறது. அங்க எழுதிக்குவாங்க." சொல்லிவிட்டு அவள் உச்சியில் முத்தம் கொடுத்தார்.

"சரி மாமா" என்று எழுதினேன். எழுதியதை அவரிடம் நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியும். மருமகள் எழுதியதைச் சரிபார்ப்பது கௌரவக் குறைச்சல். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பள்ளிக்கூட வாசலில் ஊர் கூடியது. நர்சம்மா ஒவ்வொரு அட்டையாக வாசிக்க, அந்தந்த வீட்டார் எழுந்து "கீறோம்" என்றார்கள். ஏரிக்கரை அட்டை பதினொன்றும் வாசித்தாயிற்று. எங்கள் அட்டை வந்ததும் என் மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போய் நின்றார். நர்சம்மா அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாசித்தாள்.

"குடும்பத் தலைவர், மல்லிகா. வயசு ஆறு மாசம்."

ஊர் சிரித்தது. அவரும் சிரித்தார். "புள்ள பேரு எப்டியோ மேல ஏறிடுச்சு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். நர்சம்மா தொடர்ந்தாள். அடுத்தது என் பேர். பிறகு அத்தை. பிறகு என் கணவர். ஒவ்வொரு பேருக்கும் அவர் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குத் தயாராக நிமிர்ந்தார். பிறகு என் கொழுந்தன். அதோடு நர்சம்மா நிறுத்தினாள். முன்பக்கத்தில் இன்னும் மூன்று வரி காலியாக இருந்தது. அங்கே எழுத வேண்டாம் என்று நான்தான் விட்டிருந்தேன்.

அவர் நின்றார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவர் நர்சம்மாவையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். கை எதற்கோ துண்டைத் தேடியது.

"அவ்ளோ தானா?" என்று கேட்டார். பக்கத்து ஆளுக்குக்கூட எட்டாத குரல். அப்படி ஒரு குரல் அவரிடம் இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது.

நர்சம்மா அட்டையைத் திருப்பினாள். பின்பக்கத்தில் தனியாக அவர் பேர் இருந்தது. வாசித்தாள்.

"கீறன்" என்று மூச்சு விட்டார்.

நர்சம்மா இன்னும் கொஞ்சம் மெதுவாகத் திருப்பியிருக்கலாம்.